பாலம் நின்ற இடம்

சினிமாப் படம் பிடித்த இடமொன்றைத் தேடிப்போன கதையை இம்முறை எழுதப்போகிறேன் என்றதும் எங்கள் நிலையத்தில் எல்லோரும் சிரித்தார்கள். சேமிப்புக் குழு, கோழி வளர்ப்பு, பிள்ளைகளின் பரீட்சைப் பயம் என்று எழுதிவந்தவள் திடீரென ஹொலிவூட் பக்கம் போனால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஆனாலும் கேளுங்கள். இந்தக் கதை சினிமாவில் தொடங்கினாலும் சினிமாவில் முடியவில்லை.

என் அப்பா பழைய ஆங்கிலச் சண்டைப் படங்களின் பெரும் இரசிகர். ஆங்கிலம் அவருக்குப் பெரிதாக விளங்காது. துவக்கு வெடிக்கும், பாலம் தகரும், ரயில் கவிழும், அதற்கு மொழி எதற்கு என்பார். யாழ்ப்பாணத்தில் படித்த நாட்களில் குவாய் நதிப் பாலம் பற்றிய படத்தை மூன்று தடவை பார்த்தவராம். சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போடும்போது அந்தப் படத்தில் வரும் அணிநடை மெட்டை விசிலடிப்பார். "அந்தப் பாலம் சயாமிலையும் இல்லை, பர்மாவிலையும் இல்லைப் பிள்ளை. எங்கட களனி கங்கையிலை கட்டி அங்கையே உடைச்சவங்கள். ஒருநாளைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்" என்பார். கூட்டிக்கொண்டு போக வாய்க்கவில்லை. பாதை திறந்திருந்தால் கையில் காசிருக்காது, காசிருந்தால் பாதை பூட்டிவிடும். 2008 இல் இடம்பெயர்ந்திருந்த இடத்தில் காய்ச்சல் கண்டு காலமானார்.

2025 மாசி மாதம் எங்கள் நிலையத்தைச் சேர்ந்த 22 பெண்களை அற்றனுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. எல்லோரும் குடும்பத்தைத் தனியே கொண்டுநடத்துபவர்கள். தோட்டத்துப் பெண்களின் சேமிப்புக் குழுக்களோடு இரண்டு நாள் சந்திப்பு. போகும்போது கண்டி வழி, வரும்போது அவிசாவளை வழியாகக் கொழும்பு, பிறகு ஊர். வரைபடத்தைப் பார்த்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. அப்பாவின் படம் எடுக்கப்பட்ட இடங்களில் மூன்று எங்கள் பஸ் போகும் வழியிலேயே இருந்தன.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியரிடம் பிடிபட்ட பிரித்தானியப் போர்க்கைதிகள் ரயில் பாதைக்காக ஓர் ஆற்றின் மேல் மரப்பாலம் கட்டுகிறார்கள். அவர்களுடைய கேணல், எதிரிக்காகத்தான் கட்டுகிறோம் என்பதையும் மறந்து அந்தப் பாலத்தில் பெருமை கொள்ளத் தொடங்குகிறார். மறுபுறத்தில் அதைத் தகர்க்க ஒரு சிறு அணி காட்டுக்குள்ளால் வந்துகொண்டிருக்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் பியேர் பூலின் நாவலை வைத்து டேவிட் லீன் இயக்கிய இப்படம் 1957 இல் வெளிவந்தது. சிறந்த படம் என்பது உட்பட 7 ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. கேணலாக நடித்தவர் அலெக் கின்னஸ்.

முதலாவது இடம் பேராதனைப் பூங்கா. நான் பேராதனையில் சமூகவியல் படித்தவள். அந்தப் பூங்கா வாசலை எத்தனையோ நாள் கடந்திருக்கிறேன், ஒரு தடவையும் எனக்கு இது தெரியாது. பாலத்தை உடைக்கப் போகும் அணிக்குப் பயிற்சி நடக்கும் காட்சிகள் அங்கேதான் எடுக்கப்பட்டன. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த இடம் நடிக்கவே தேவையிருக்கவில்லை. 1944 இல் மவுன்ற்பேற்றன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் உண்மையாகவே அந்தப் பூங்காவில்தான் இருந்தது. புல்தரையில் இருந்து சோற்றுப் பார்சலை அவிழ்த்தபடி இதையெல்லாம் நான் விளக்க, "இவ்வளவு வடிவான இடத்திலயோ இருந்து சண்டைக்குத் திட்டம் போட்டவை" என்றார் ஓர் அக்கா.

கண்டிப் பக்கத்துக்கு இன்னொரு படக்கதையும் உண்டு. இந்தியானா ஜோன்ஸ் வரிசையில் 1984 இல் வெளிவந்த இரண்டாவது படத்துக்கு, கதையில் இந்தியரைக் காட்டிய விதத்தை ஏற்காமல் இந்திய அரசு அனுமதி கொடுக்கவில்லை. ஆகவே ஸ்பீல்பேர்க் குழுவினர் கண்டிக்கு வந்தார்கள். அதில் வரும் தொங்குபாலம், அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த விக்ரோறியா அணைக்கட்டை அண்டிக் கட்டப்பட்டு, படத்துக்காகவே அறுத்து விடப்பட்டது. படப்பிடிப்புத் தொடங்கியது 1983 சித்திரையில். அதற்கு மூன்று மாதம் கழித்து ஆடி மாதத்தில் இந்த நாட்டில் என்ன நடந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இடத்துக்கு நாங்கள் போகவில்லை. பஸ்ஸில் போகும்போது திசையை மட்டும் கை காட்டினேன்.

அற்றனில் ஓர் இரவு

சந்திப்பின் முதல்நாள் இரவு, தோட்டத்துச் சனசமூக நிலையச் சுவரில் ஒரு வெள்ளைச் சீலையைக் கட்டி அந்தப் படத்தைப் போட்டோம். இரண்டே முக்கால் மணித்தியாலம் ஓடும் நீண்ட படம். எங்கள் பெண்களும் தோட்டத்துப் பெண்களுமாக அறுபது பேர் வரை இருந்தார்கள். நான் இடையிடையே நிறுத்திக் கதை சொன்னேன்.

பெண்கள் பார்க்கும் விதமே வேறு. எனக்குக் கேணல் பெரிதாகப் பட்டார், அவர்களுக்கோ பொதி சுமந்த பெண்கள்தான் கண்ணில் பட்டார்கள். பாலத்தைத் தகர்க்கப் போகும் அணிக்கு வெடிமருந்தையும் சாமானையும் காட்டு வழியே தூக்கி வருபவர்கள் சயாமியப் பெண்கள் நால்வர். படம் முழுக்க அவர்களுக்கு வசனம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கடைசியில் அதிகாரி ஒருவர் தன் ஆட்களே எதிரியிடம் பிடிபட்டுவிடக்கூடாது என்று அந்தப் பக்கமே குண்டு வீசுகிறார். அப்போது அந்தப் பெண்கள் அவரைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அங்கே யாரும் மொழிபெயர்க்கச் சொல்லி என்னிடம் கேட்கவில்லை.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் ஒரு பாட்டி எழுந்து நின்றார். எழுபதைத் தாண்டிய வயது. "புள்ள, இது சயாம் ரயிலுதானே? அப்ப நம்ம ஆளுங்க எங்க?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் இருந்துகொண்டு சொன்னார். அவருடைய அம்மா வழிக் குடும்பத்தில் அண்ணன் மலாயாத் தோட்டத்துக்கும் தங்கை சிலோன் தோட்டத்துக்குமாகத் தமிழ்நாட்டிலிருந்து பிரிந்து போனார்களாம். யுத்தம் வரைக்கும் கடுதாசி வந்துகொண்டிருந்ததாம். பிறகு வரவில்லை. யுத்தம் முடிந்து எவரோ ஊர்க்காரர் மூலம் வந்த செய்தி, சயாம் ரயில் போட ஜப்பான்காரன் பிடித்துப்போனான், திரும்பவில்லை என்பதுதான். "எங்க அம்மா சாகிற வரைக்கும் அண்ணனுக்குத் திதி குடுக்கல. நாள் தெரியாது, எடம் தெரியாது, எப்புடிக் குடுக்கிறதுன்னு கேக்கும்" என்றார்.

எங்கள் பக்கத்துப் பாயில் சத்தமே இல்லை. அந்த 22 பேரில் 9 பேர் கணவரோ பிள்ளையோ காணாமற்போனவர்கள்.

பாட்டியின் கேள்விக்கு அன்றிரவு நான் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். ஊருக்கு வந்து தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே சொல்கிறேன். சயாமில் பான் பொங் என்ற இடத்திலிருந்து பர்மாவில் தன்பியூசயாட் வரை 415 கிலோமீற்றர் நீளமான அந்தப் பாதையை ஜப்பானியர் 1942 இல் தொடங்கி 1943 ஐப்பசியில் முடித்தார்கள். பிரித்தானிய, ஒல்லாந்த, அவுஸ்திரேலியப் போர்க்கைதிகள் 60 ஆயிரத்துக்கு மேல் வேலை செய்தார்கள். அவர்களில் 12 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். படம் சொல்வது இவர்கள் கதையை. ஆனால் அதே பாதையில் வேலை வாங்கப்பட்ட ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 2 இலட்சம் பேர். பர்மியர், ஜாவாக்காரர், மலாயர், சீனர், மலாயா இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர். மலாயாவிலிருந்து மட்டும் சுமார் 75 ஆயிரம் பேர், அவர்களில் பெரும்பாலானோர் நம்மவர். ஆசியத் தொழிலாளரில் 90 ஆயிரம் வரை இறந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். மதிப்பீடுதான், சரியான கணக்கு யாரிடமும் இல்லை.

முதலில் நல்ல சம்பளம், குறைந்த கால வேலை, குடும்பத்துக்கு வீடு என்று சொல்லித்தான் ஆள் சேர்த்தார்கள். அதை நம்பிப் பெண்டு பிள்ளைகளோடு போனவர்களும் உண்டு. ஆள் போதாமற்போகவே பிடித்து ஏற்றத் தொடங்கினார்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிவைத்துக் கதவைப் பூட்டி லொறியில் ஏற்றிய கதைகள்கூட மலாயாத் தமிழரிடையே வழங்கி வருகின்றன. 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது, கைதிகளுக்காவது அவர்களோடு பிடிபட்ட இராணுவ வைத்தியர்கள் இருந்தார்கள், பெயர் எழுதிவைக்க அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டத்துச் சனங்களுக்கு இரண்டுமே இல்லை. மலாயாவில் ஆண்களில்லாத லயன்களில் பெண்கள் மரவள்ளிக்கிழங்கை அவித்துக் கொடுத்துப் பிள்ளை வளர்த்தார்கள்.

சயாமின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கான மயானத்தில் ஏறத்தாழ 7 ஆயிரம் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பெயர், வயது, படைப்பிரிவு பொறித்திருக்கும். நம்மவருக்கு அப்படி ஒரு கல் இல்லை. மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள்தான் இந்த விடயத்தை விடாமல் எழுதிவந்தார்கள், ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் அவற்றில் ஒன்று. 2023 இல்தான் காஞ்சனபுரியில் ஒரு கோயில் வளவில் தமிழ்த் தொழிலாளருக்காக ஒரு நடுகல் எழுந்தது. எண்பது வருடம் கழித்து.

கித்துல்கலவில்

மூன்றாம் நாள் காலை அற்றனிலிருந்து இறங்கி, கினிகத்தேனை தாண்டிக் கித்துல்கலவுக்கு வந்தோம். வீதியோரத்தில் படத்தின் பெயரைச் சொல்லும் பலகை இருக்கிறது. ரப்பர் படகு விடும் கடைகள்தான் இப்போது அங்கே பெரும் வியாபாரம். வழிகாட்ட வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க சிங்கள ஐயா. படப்பிடிப்புக்கு மரம் சுமந்தவர்களில் தன் தந்தையும் ஒருவர் என்றார். பல்கலைக்கழகத்தில் கற்ற என் சிங்களம் அன்றைக்குத்தான் முழுதாகப் பயன்பட்டது.

செங்குத்தான ஒற்றையடிப் பாதை. முழங்கால் வருத்தக்காரர் இருவர் மேலே பஸ்ஸிலேயே நின்றுவிட்டார்கள். கீழே போனால் பாறைகளுக்கிடையில் ஆறு, மாசி மாதமாகையால் தண்ணீர் வற்றிக் கிடந்தது. படத்தின் கடைசியிலும் இப்படித்தான், ஓர் இரவில் தண்ணீர் வற்றி வெடிமருந்தின் கம்பி வெளியே தெரிந்துவிடும்.

"எங்க பாலம்?" என்று எல்லோரும் கேட்டார்கள். பாலம் இல்லை. கரையோரத்தில் புல் மூடிய சீமெந்து அத்திவாரத் துண்டுகள் சில, அவ்வளவுதான். 425 அடி நீளம், 90 அடி உயரம் என்று சொல்லப்பட்ட பாலம் அது. அட்டைப் பெட்டியில் செய்த பொம்மையன்று, உண்மையான ரயிலைத் தாங்கிய உண்மையான மரப்பாலம். யானைகளையும் கொண்டுவந்து மரம் இழுத்துப் பல மாதம் பாடுபட்டுக் கட்டியதை ஒரு சில வினாடியில் தகர்த்தார்கள். 1957 பங்குனி 10 ஆம் திகதி பிரதமர் பண்டாரநாயக்க உட்பட விருந்தாளிகள் எல்லாம் கூடியிருக்க, கமராக்காரர் ஒருவர் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததற்கான சைகை வராததால் வெடி வைக்கவில்லை. ஓட்டுநர் இல்லாத ரயிலோ நிற்காமல் பாலத்தைத் தாண்டிப் போய் அக்கரையில் இருந்த மின்பிறப்பாக்கியில் மோதி நின்றது. அதை இழுத்துத் திருத்தி மறுநாள் காலை மீண்டும் ஓட்டித்தான் படம் பிடித்தார்கள்.

நான் கைத்தொலைபேசியில் படத்தின் ஒரு காட்சியை நிறுத்தி வைத்துக்கொண்டு, பின்னால் தெரியும் மலை விளிம்பைப் பிடித்துப் பிடித்து நகர்ந்தேன். நாலு அடி இடப்பக்கம், இரண்டு அடி பின்னுக்கு. ஒரு கட்டத்தில் கையிலிருந்த மலையும் கண்ணெதிரே நின்ற மலையும் ஒன்றாகப் பொருந்தின. அப்பா கூட்டிவருவதாகச் சொன்ன இடம். நான் விசிலடிக்க முயன்றேன், காற்றுத்தான் வந்தது. பெண்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

வட்டக்கச்சியிலிருந்து வந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் சீமெந்துத் துண்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய கணவரை 2009 வைகாசிக்குப் பிறகு அவர் காணவில்லை. "மிஸ், இந்த ஐயாவிட்டைக் கேளுங்கோ, இதுதான் இடம் எண்டு இவருக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். கேட்டேன். தந்தை கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டினார் என்றார் அவர். "தாத்தா காட்டினார், நான் என் மகனுக்குக் காட்டியிருக்கிறேன்" என்றார். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. மொழிபெயர்த்துச் சொன்னதும் அக்கா தலையாட்டினார். வேறொன்றும் பேசவில்லை.

சயாமில் உள்ள உண்மையான பாலத்தின் கதையை அங்கே வைத்துத்தான் அவர்களுக்குச் சொன்னேன். காஞ்சனபுரியில் இரும்புப் பாலமொன்று இன்றும் இருக்கிறது, அதன்மேல் ரயிலும் ஓடுகிறது. அதைச் சேதப்படுத்தியவை ஆகாய விமானங்கள், காட்டுக்குள்ளால் வந்தவர்கள் அல்லர். நாவலாசிரியர் அந்த இடத்துக்குப் போகாமல் எழுதியதால் ஆற்றின் பெயரைப் பிழையாகப் போட்டுவிட்டார். அந்தப் பாலத்தின் கீழே ஓடியது மே குளோங் ஆறு. படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் குவாய் எங்கே குவாய் எங்கே என்று கேட்டதால், 1960 இல் தாய்லாந்து அரசு ஆற்றின் அந்தப் பகுதிக்கே குவாய் என்று பெயர் மாற்றிவிட்டது. "படத்துக்காக ஆத்தின்ரை பேரையே மாத்தினவையோ" என்று ஆச்சரியப்பட்டார்கள். எனக்கும் ஆச்சரியந்தான்.

கொழும்பில் மூன்றாவது இடம், கல்கிசை ஹோட்டல். படத்தில் அதுதான் இராணுவ வைத்தியசாலை. உள்ளே போகும் அளவுக்கு எங்கள் கைப்பைகள் கனக்கவில்லை. கடற்கரையில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, கால் நனைத்து, கடலை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு பஸ் ஏறினோம்.

அக்காவின் கொப்பி

நாங்கள் நிரப்பும் படிவங்களில் 'கடைசியாகக் கண்ட இடம்' என்று ஒரு நிரல் உண்டு. அதில் அரை வரி எழுத இடமிருக்கும். வட்டக்கச்சி அக்காவின் படிவத்தில் 'வட்டுவாகல்' என்று நானே என் கையால் ஒரு சொல்லில் எழுதியிருக்கிறேன். அப்போது அது போதுமென்றுதான் நினைத்தேன்.

பயணம் முடிந்து இரண்டு கிழமைக்குள் அக்கா நிலையத்துக்கு வந்து ஒரு கொப்பி கேட்டார். சித்திரை வருடப்பிறப்பு முடிந்து அதைக் கொண்டுவந்து தந்தபோது 11 பக்கம் நிரம்பியிருந்தது. எந்தத் திசையிலிருந்து வந்தார்கள், வெயில் எந்தப் பக்கம், பாலத்தின் கட்டில் எங்கே உடைவு, கையில் எந்தப் பை, இடுப்பில் இருந்த பிள்ளை எதற்காக அழுதது, பாலம் முடிந்த பிறகு எத்தனை எட்டில் அவரைத் தனியாக நிற்கச் சொன்னார்கள், அவர் திரும்பிப் பார்த்தபோது பின்னால் என்ன தெரிந்தது. எல்லாம் இருந்தது. நான் படித்த சமூகவியலில் எந்தப் பேராசிரியரும் எனக்குக் கற்பிக்காத ஒழுங்கு.

2025 புரட்டாதியில் வட்டுவாகலில் புதிய பாலம் கட்டும் வேலை தொடங்கியது. அந்தப் பக்கத்துச் சனங்களுக்கு அது எவ்வளவு தேவை என்பது மாரியில் அந்தப் பழைய பாலத்தைக் கடந்தவர்களுக்குத் தெரியும். அன்றிரவே அக்கா தொலைபேசி எடுத்தார். "மிஸ், பழசு இருக்கிற நேரமே ஒருக்காப் போய்வருவமோ? கித்துல்கலவிலை செய்தமாதிரி உங்கட போனையும் கொண்டுவாங்கோ."

ஐப்பசி முதற்கிழமை போனோம். அக்கா, நான், அக்காவின் மகன். அன்றைக்கு இடுப்பில் இருந்த அந்தப் பிள்ளைக்கு இப்போது 18 வயது, தாயைவிட ஒரு முழம் உயரம். முள்ளிவாய்க்கால் பக்கத்திலிருந்தே நடக்க வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டார். ஓட்டோவை அங்கேயே நிறுத்திவிட்டு இறங்கினோம். கொப்பியைத் திறந்து கையில் பிடித்தபடி அவர் முன்னே நடந்தார். இரண்டு பக்கமும் நந்திக்கடல் தண்ணீர். ஓரிடத்தில் நின்று கட்டைத் தொட்டுப் பார்த்தார், கொப்பியில் ஓர் அடையாளம் போட்டார், மீண்டும் நடந்தார். பாலம் முடிந்ததும் எட்டுகளை வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். முப்பத்தொன்றில் நின்றார்.

மகன் என் கைத்தொலைபேசியை வாங்கிப் படமெடுக்க ஆயத்தமானான். வெளிச்சம் சரியில்லை போலும். "அம்மா, கொஞ்சம் வலப்பக்கம் வாங்கோ" என்றான்.

"நான் நிண்டது இஞ்சைதான் தம்பி" என்றார் அக்கா. "நீ தள்ளி நிண்டு எடு."